பாடம் தயாரிக்க ஏஐயிடம் கேட்டால் பொத்தாம்பொதுவாகவே பதில் வருகிறது. எப்படிக் கேட்க வேண்டும்?

நீங்கள் ஆசிரியர் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் வகுப்புக்காக முந்தின நாள் ராத்திரி போனை எடுத்து ஒரு வரி அடித்திருப்பீர்கள். நல்ல தமிழில் ஒரு பக்கம் வந்திருக்கும். ஆனால் அது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதியதாக இருந்திருக்காது. "கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏஐ எல்லாம் எதுக்கு" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர், "எட்டாம் வகுப்புக்கு நீர் மேலாண்மை பற்றிப் பாடம் எழுது" என்று சாட்ஜிபிடியிடம் கேட்டு, வந்ததை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போனார். மேட்டூர் அணை, வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் ஜூன் 12, டெல்டா, குறுவை, சம்பா எல்லாம் அதில் இருந்தன. எதுவும் தப்பில்லை. முன் பெஞ்சில் இருந்த பையன் எழுந்து, "டீச்சர், மேட்டூர்ல தண்ணி திறந்தா நம்ம கால்வாயில வருமா?" என்று கேட்டிருக்கிறான். தாமிரபரணித் தண்ணீர் வரும் கன்னடியன் கால்வாயில் குளித்து வளர்ந்த பிள்ளை வேறென்ன கேட்பான்?

இந்தக் கருவிகள் தாங்கள் படித்த எழுத்துகளை வைத்து அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதுகின்றன. காவிரியைப் பற்றி எழுதியவை ஏராளம். தாமிரபரணியைப் பற்றி அந்த அளவுக்கு இல்லை. ஊரைச் சொல்லாமல் கேட்டால் அது காவிரிக்குத்தான் போகும். திருநெல்வேலிச் சீமையில் தென்மேற்குப் பருவமழைத் தண்ணீரில் ஜூன் வாக்கில் தொடங்குவது கார் நெல் சாகுபடி. வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நடுவது பிசான நெல். நாம் எடுத்துக் கொடுத்தால் ஒழிய இது பாடத்துக்குள் வருவது சந்தேகம்தான்.

அன்று சாயங்காலம் நானும் டீச்சரும் உட்கார்ந்து எழுதிய கட்டளை இது:

"நீ தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கு உதவுகிறாய். பிள்ளைகள் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன ஊர்க்காரர்கள். பலர் வீட்டில் வயல் வேலை உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். கீழே உள்ள குறிப்பை மட்டும் வைத்து 40 நிமிட வகுப்புக்குத் திட்டம் எழுது. முதல் 5 நிமிடம் பிள்ளைகள் பேச வேண்டும். செலவில்லாத ஒரு செயல்பாடு வேண்டும். குறிப்பில் இல்லாத பெயர், ஆண்டு, அளவு எதையும் சேர்க்காதே. தெரியவேண்டியது இருந்தால் எழுதுவதற்கு முன் என்னிடம் கேள்."

அதன் கீழே எங்கள் குறிப்பு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் ஆறு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவற்றின் பெயர்கள். கார், பிசானம் மாதங்கள். குறிப்புக் கொடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குறிப்பில்லாமல் அணைக்கட்டுகளை மட்டும் கேட்டுப் பார்த்தோம். கல்லணையைக் கொண்டுவந்து நடுவில் சேர்த்துவிட்டது, அதுவும் துளிக்கூடத் தயக்கமில்லாமல்.

இந்த முறை எழுதுவதற்கு முன்பே, "மாணவர்களின் ஊர்கள் கால்வாயின் தலைப்பகுதியிலா, கடைசியிலா?" என்று திருப்பிக் கேட்டது. இரண்டும் உண்டு என்றோம். அதை வைத்து ஒரு செயல்பாடு சொன்னது: ஒரு குடம் தண்ணீர், தலைமடையில் இருந்து கடைமடை வரை வரிசையாக ஐந்து பிள்ளைகள், ஆளுக்கொரு டம்ளர், முதலில் நிற்பவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் வகுப்பில் கடைமடையில் நின்ற பிள்ளை காலி டம்ளரைக் காட்டிச் சண்டைக்கே வந்துவிட்டாள். முறை வைத்துத் தண்ணீர் விடுவது எதற்கு என்று அதற்கப்புறம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புதிதாக வந்த தற்காலிக ஆசிரியரிடம் ஒரு வகுப்பை ஒப்படைக்கும்போது என்னென்ன சொல்வோமோ, அதையெல்லாம் இதனிடமும் சொல்ல வேண்டும். யார் படிக்கிறார்கள், எதுவரை நடத்தியாகிவிட்டது, எவ்வளவு நேரம், எது வேண்டாம். வினாத்தாள் என்றால் நீங்களே எழுதிய இரண்டு கேள்விகளை மாதிரியாகக் கொடுத்து, இதே பாணியில் இன்னும் ஐந்து கேள்வி எழுது என்று சொல்லுங்கள். 'தரமான கேள்விகள்' என்று கேட்பதைவிட இது பலமடங்கு மேல். முதலில் வந்த பதிலோடு நிறுத்தவும் வேண்டாம். மூன்றாவது பத்தி கடினம், உதாரணத்தை மாற்று என்று குறிப்பாகச் சொன்னால் மாற்றும். 'இன்னும் நன்றாக எழுது' என்றால் அலங்காரம்தான் கூடும்.

'ஆசிரியர்களுக்கான நூறு மந்திரக் கட்டளைகள்' என்று வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் சுற்றுகிறதே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை எழுதியவருக்கு உங்கள் பிள்ளைகளைத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாராவது எழுதுவார்கள். மேலே உள்ள குறிப்பைத் தயாரிக்க இரண்டு பெரியவர்களிடமும் ஒரு கால்வாய்ப் பணியாளரிடமும் விசாரித்தோம். சோம்பேறி அதைச் செய்யமாட்டான். எங்கள் நேரத்தைத் தின்பது எது தெரியுமா? செயலியில் ஏற்றும் வேலை. வருகையை ஏற்று, நோட்டுப் புத்தகம் கொடுத்த படத்தை ஏற்று, ஏற்றியதற்கு ஆதாரமாக இன்னொரு படத்தை ஏற்று. சிக்னலுக்காகப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் நிற்கிற ஆசிரியரை வந்து பார்த்துவிட்டு எங்களைப் பேசட்டும்.

சரி, பிள்ளைகள் கையில் நேரடியாகக் கொடுக்கலாமா என்றால், சாட்ஜிபிடியின் விதிப்படி 13 வயதுக்குக் கீழே கூடாது; 18 வரை பெற்றோர் அனுமதி வேண்டும். எங்கள் வகுப்பில் நான் கொடுப்பதில்லை. உங்கள் வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: "விடையைச் சொல்லாதே. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேள். நான் தப்பாகச் சொன்னால் ஒரு குறிப்பு மட்டும் கொடு." கணக்குக்கு இது நன்றாக உதவுகிறது.

பிள்ளைகளின் பெயர், மதிப்பெண், வீட்டுக் கஷ்டம் எதையும் கட்டளைக்குள் எழுதாதீர்கள். 'வாசிப்பில் பின்தங்கிய ஒரு மாணவர்' என்றாலே அதற்குப் போதும். வருகிற பெயர், ஆண்டு, அளவு ஒவ்வொன்றையும் பாடநூலோடு வைத்துப் பார்த்த பிறகு கரும்பலகையில் எழுதுங்கள்.