‘விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்’: கைதும் 24 மணி நேரமும்

வணக்கம். கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்ட டி.கே. பாசு வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மைத்துனரைத் திருட்டு வழக்கு ஒன்றில் சந்தேகப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலை ‘விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்’ என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். திங்கள் மதியம்தான் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கைதுக் குறிப்பில் ஞாயிறு இரவு 9 மணி என்று போட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் எத்தனை தீர்ப்பு எழுதினால் என்ன, ஸ்டேஷன் வாசலில் நிற்பவனுக்கு அதனால் என்ன பயன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஞாயிறு இரவு 9 மணி என்று ஏன் எழுதினார்கள் என்பதிலிருந்தே தொடங்குவோம். சனிக்கிழமை காலை என்று எழுதினால் கைதே அரசியலமைப்புக்கு விரோதமாகிவிடும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22-வது உறுப்பு. அதை மீறியது தெரியக் கூடாது என்றுதான் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறார்கள்.

இதைத் தாளில் எழுதிய நேரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அமலாக்கத் துறை வழக்கு ஒன்றில், ஒருவரை 5-ஆம் தேதி காலை 11 மணிக்குத் தங்கள் பிடிக்குள் எடுத்தார்கள். மறுநாள் அதிகாலை 1.15-க்குக் கைது என்று எழுதினார்கள். மாலை 3 மணிக்கு நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். தாளின்படி பார்த்தால் 14 மணி நேரம்கூட ஆகவில்லை. நீதிமன்றமோ முதல் நாள் 11 மணியிலிருந்து எண்ணியது. 28 மணி நேரம் என்பதால் காவல் சட்டவிரோதம் என்று ஜாமீனை உறுதி செய்தது. உங்கள் மைத்துனரின் நிலைமையும் இதுவே. ஆனால் அந்த வழக்கில் 11 மணி என்பதை யாரும் மறுக்கவில்லை. உங்கள் விஷயத்தில் மறுப்பார்கள். அதனால் நேரத்தை நிரூபிப்பதுதான் முதல் வேலை.

முன்பெல்லாம் வக்கீல்கள் ‘உடனே தந்தி அடி’ என்பார்கள். தந்தியில் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுவிட்டது. அந்த வேலையை இப்போது மின்னஞ்சல் செய்கிறது. ஆளைக் கூட்டிப்போன ஒரு மணி நேரத்துக்குள் எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் நாலு வரி அனுப்புங்கள்: யாரை, எத்தனை மணிக்கு, எங்கிருந்து, எந்த ஸ்டேஷனுக்கு, வந்தவர்களின் பெயர்ப் பட்டையில் இருந்த பெயர் என்ன. 112 அவசர எண்ணுக்கு ஒரு அழைப்பும் போட்டுவிடுங்கள்; அழைப்பின் நேரம் பதிவாகும். பல குடும்பங்கள் ‘புகார் செய்தால் உள்ளே இருப்பவனை அடிப்பார்கள்’ என்று பயந்து இரண்டு நாள் வாசலிலேயே காத்திருக்கின்றன. வெளியே ஒருவருக்கும் தெரியாத அந்த மணி நேரங்களில்தான் அடி விழுகிறது.

பாசு வழக்கே ஒரு கடிதத்தில் தொடங்கியது. மேற்கு வங்க சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்த டி.கே. பாசு, லாக்கப் மரணச் செய்திகளைச் சுட்டி 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு எழுதினார். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு 11 கட்டளைகளைப் போட்டது. பிறகு அவற்றில் பல சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டன. இன்று பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 36-வது பிரிவின்படி கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கையெழுத்துக்குக் கீழே, உங்கள் கையாலேயே, ‘சனிக்கிழமை காலை 10 மணிக்கே அழைத்து வந்தனர்’ என்று எழுதித் தேதி போடுங்கள். அப்படி எழுத விடமாட்டேன் என்றால் கையெழுத்து வேண்டாம். அதையும் மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, திருட்டு வழக்கு என்கிறீர்கள். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணத்தோடு பட்டியல் தர வேண்டும், நடுவர் அதைப் படித்துத் திருப்தியைப் பதிவு செய்த பிறகே ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் (2014) சொன்னார்கள். தவறும் போலீஸ்காரருக்குத் துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பும். காரணமின்றி ரிமாண்ட் செய்யும் நடுவர் மீது உயர் நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கும். கைது தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன் கீழ் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் சொல்லிவிட்டார்கள். போனில் கூப்பிட்டார்கள் என்று ஓடாதீர்கள்; எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் போகாமல் இருக்காதீர்கள், அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இன்னொரு பெரிய மாற்றம் அண்மையில் வந்தது. கைதின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதை 2023-இல் பங்கஜ் பன்சல் வழக்கு பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குச் சொன்னது. 2024-இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கு உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கு நீட்டியது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் எல்லாக் குற்றங்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். கைதானவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். உடனே தர முடியாத சூழலில் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னதாக எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். விடுதலையான பிறகு, போலீஸ் காரணத்தை எழுத்தில் கொடுத்து மறுபடி காவலில் எடுக்க விண்ணப்பிக்கலாம் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். ‘திருட்டு வழக்கு, எஃப்.ஐ.ஆர். எண் இன்னது’ என்று மட்டும் எழுதிக் கொடுப்பது காரணமாகாது. இந்த மனிதர் மீது என்ன இருக்கிறது என்பது அதில் வர வேண்டும்.

நடுவர் முன் நிற்கும் சில நிமிடங்கள் மிக முக்கியம். ‘அடித்தார்களா?’ என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் போலீசைப் பார்த்து ‘இல்லை’ என்றால் அது பதிவாகிவிடும். பின்னால் அதை உடைப்பது கடினம். காயம் இருந்தால் அங்கேயே காட்ட வேண்டும், ஸ்டேஷனுக்கு அழைத்து வந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். ஆட்கொணர்வு மனு (பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) என்றால் நடுவர் முன் நிறுத்துவதற்கு முன்பே போட வேண்டும். நடுவர் ரிமாண்ட் செய்துவிட்டால், பொதுவாக அது எடுபடாது, ஜாமீன் வழிதான்.

உங்களுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் போலீசாரால் அடிக்கப்பட்டு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, அந்த ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப்போன நடுவர் கண்டார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என எங்கும் ஒலியும் பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். சனிக்கிழமை காலை உங்கள் மைத்துனர் உள்ளே நுழைந்தது அந்த வாசல் கேமராவில் இருக்க வேண்டும். சனி காலை 9 முதல் திங்கள் மதியம் வரையிலான பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அதே கோரிக்கையை வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் மனுவாகவும் போடுங்கள். ‘கேமரா பழுது’ என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் பழுதானது, யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். பழுதை உடனே மேலே தெரிவிப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. இந்த வாரமே செய்யுங்கள்.