அமெரிக்காவில் வைட்டமின் விற்பனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தமிழ்நாட்டில் சிறிய மாத்திரை ஆலை வைத்திருக்கிறோம். அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வின் 'அப்ரூவல் சர்டிபிகேட்' வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அப்படி ஒரு சான்றிதழே இல்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைட்டமின் மாத்திரை அங்கே உணவு வகையைச் சேர்ந்தது. விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ அதை அங்கீகரிப்பதில்லை. ஆலையைப் பதிவு செய்வது கட்டாயம்தான். ஆனால் கட்டணம் கிடையாது, இணையத்தில் நீங்களே செய்துவிடலாம். ஒவ்வொரு இரட்டைப்படை ஆண்டிலும் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். இதை மறந்தால் பதிவு காலாவதியாகி, சரக்கு துறைமுகத்தில் நிற்கும். வெளிநாட்டு ஆலைக்கு எஃப்.டி.ஏ தொடர்புகொள்ள அமெரிக்காவில் உள்ள ஒரு பிரதிநிதி ('யு.எஸ். ஏஜென்ட்') வேண்டும், அந்தச் சேவைக்குக் கொடுக்கும் பணம் மட்டும் நியாயமானது.

கேள்வி: நியூ ஜெர்சியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெத்தில்கோபாலமின் (வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம்) மாத்திரை, ஊசி இரண்டையும் வரவழைத்து விற்கலாமா?

ஊசியை விட்டுவிடுங்கள். வாயால் விழுங்குவதுதான் 'சப்ளிமென்ட்'. ஊசி, மூக்கு ஸ்பிரே, தோலில் ஒட்டும் பட்டை எல்லாம் மருந்துக் கணக்கு. மாத்திரையிலும் கலவையைப் படியுங்கள். நரம்பு வலிக்கென்று ஊரில் விற்கும் பல மாத்திரைகளில் மெத்தில்கோபாலமினோடு பிரிகாபலின் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, மளிகை அலமாரியில் வைத்தால் வழக்கு. தனி மெத்தில்கோபாலமின் என்றால் வழி உண்டு. ஆனால் ஊர்ப் பெட்டியை அப்படியே விற்க முடியாது: அங்குள்ள விதிப்படி புது லேபிள் வேண்டும், தயாரித்த ஆலையும் சப்ளிமென்ட் உற்பத்தி விதிகளை (21 சி.எஃப்.ஆர் 111) பின்பற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: சரக்கை நேராக அமேசான் கிடங்குக்கு அனுப்பினால், அமேசானே இறக்குமதியாளர் ஆகிவிடாதா?

ஆகாது, அமேசான் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. சரக்கு நுழையும்போது 'எஃப்.எஸ்.வி.பி இறக்குமதியாளர்' (வெளிநாட்டு ஆலையைச் சரிபார்க்கும் பொறுப்பாளர்) என்று அமெரிக்காவில் உள்ள ஒருவரின் பெயர், மின்னஞ்சல், டன்ஸ் எண் (நிறுவன அடையாள எண்) மூன்றையும் சுங்கத் தரகர் பதிய வேண்டும். அந்நேரத்தில் சரக்கின் உரிமையாளரோ வாங்கியவரோ அங்கே இல்லையென்றால், கையெழுத்திட்டுச் சம்மதித்த ஒரு பிரதிநிதி வேண்டும். தரகரிடம் "உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. விவரம் தெரிந்த தரகர் மறுத்துவிடுவார்.

பெயர் கொடுத்தவரின் வேலை அதோடு முடிவதில்லை. ஆலைத் தணிக்கை அறிக்கை, மாதிரிப் பரிசோதனை, ஆலையின் உற்பத்திப் பதிவேடு என்று பொருத்தமானவற்றைப் பார்த்து, பார்த்ததற்கு எழுத்து ஆதாரம் வைத்திருக்க வேண்டும். மிகச் சிறிய இறக்குமதியாளருக்குச் சலுகை உண்டு: விதிகளைப் பின்பற்றுகிறோம் என்ற எழுத்து உறுதியை ஆலையிடமிருந்து குறைந்தது 2 ஆண்டுக்கு ஒரு முறை வாங்கினால் போதும். இந்தக் கோப்பு கையில் இல்லாதவர்கள் 99-41 என்ற இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் சேர்ந்தால், அடுத்த சரக்கைச் சோதித்துப் பார்க்காமலேயே நிறுத்திவிடலாம். சரக்கு வருவதாக எஃப்.டி.ஏ-வுக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு தனி: கப்பல் என்றால் சேருவதற்கு 8 மணி நேரம், விமானம் என்றால் 4 மணி நேரம் முன்பாவது போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: இந்திய லேபிளின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?

கப்பலேறும் முன், எல்லா விவரமும் சரியாக உள்ள ஸ்டிக்கர் என்றால் போதும். சிக்கல் 'எல்லா விவரமும்' என்பதில்தான். 'சப்ளிமென்ட் ஃபேக்ட்ஸ்' பெட்டியில் இந்திய ஆர்.டி.ஏ (பரிந்துரைத்த தினசரி அளவு) கணக்கு செல்லாது, அமெரிக்க தினசரி அளவை வைத்தே சதவீதம் போட வேண்டும். வைட்டமின் டி 1000 ஐ.யு என்பதை 25 மைக்ரோகிராம், 125 சதவீதம் என்று எழுத வேண்டும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் என்றால் 1.7-ஆல் பெருக்கி 680 மைக்ரோகிராம் டி.எஃப்.இ (உணவு ஃபோலேட்டுக்குச் சமமான அளவு). மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராமுக்கு 62,500 சதவீதம் வரும். பார்த்தால் அச்சுப்பிழை போல இருக்கும், கணக்கு சரிதான். இரும்புச்சத்து இருந்தால், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அளவு மீறினால் உயிராபத்து என்ற எச்சரிக்கை வாசகத்தை விதியில் உள்ளபடியே அச்சிட வேண்டும். பக்கவிளைவு புகாருக்கு அமெரிக்க முகவரி அல்லது தொலைபேசி எண் வேண்டும். தீவிரமான புகார் வந்தால் 15 வேலை நாட்களுக்குள் எஃப்.டி.ஏ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். தயாரான நாட்டின் பெயரும் மறைந்துவிடக் கூடாது.

சரக்கு நிறுத்தப்பட்ட பிறகு லேபிளை மாற்ற 766 எண் படிவத்தில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி மறுத்து நுழைவையும் நிராகரித்தால், 90 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ வேண்டும்.

கேள்வி: நம்மவர்களுக்காக லேபிளில் தமிழிலும் இரண்டு வரி எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அப்படி எழுதினால் கட்டாய விவரங்கள் அனைத்தையும் தமிழிலும் தர வேண்டியிருக்கும். சிறிய டப்பாவில் இடம் இருக்காது. தமிழில் 'சர்க்கரை நோய் தீரும்' என்று விளம்பரம் செய்தால் யாருக்குப் புரியப்போகிறது என்றும் நினைக்க வேண்டாம். நோயைத் தீர்க்கும் என்று எந்த மொழியில் சொன்னாலும் பொருள் மருந்தாகிவிடும்.

கேள்வி: முருங்கை இலைக் கேப்சூலுக்கு ஆய்வக அறிக்கையில் 'ஈயம் 2.5 பி.பி.எம்-க்குக் கீழ், தேர்ச்சி' என்று வந்திருக்கிறது. கலிபோர்னியாவில் விற்கலாமா?

அந்த அறிக்கை உதவாது, உண்மையான எண்ணைக் கேளுங்கள். கலிபோர்னியாவின் 'ப்ராப் 65' சட்டத்தில் ஒருவர் ஒரு நாளில் விழுங்கும் ஈயம் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை வாசகம் வேண்டும். 500 மி.கி. கேப்சூல் நாளுக்கு 6 என்றால் 3 கிராம் தூள். தூளில் 0.4 பி.பி.எம் (கிராமுக்கு 0.4 மைக்ரோகிராம்) ஈயம் இருந்தாலே 1.2 மைக்ரோகிராம் ஆகிவிடும். வரம்புக்குள் நிற்க 0.16 பி.பி.எம்-க்குக் கீழே வர வேண்டும், அதனால் 0.05 வரை அளக்கும் ஐ.சி.பி-எம்.எஸ் சோதனையே கேளுங்கள். 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் உங்கள் பொருளை விற்கும் பெரிய கடைக்குப் பொருந்தும், அவர்கள் விடமாட்டார்கள். வழக்குப் போட அரசு தேவையில்லை, 60 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டுத் தனியார் வக்கீலே போடலாம்.

ஈயம் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் இலையில் படியும் தூசியிலிருந்தும் வருகிறது. சாலையோரத் தோட்டத்து இலையைத் தவிர்ப்பதும் நன்றாகக் கழுவுவதும் பாதி வேலையை முடிக்கும். மறுபாதி கிருமி. 2025-இல் இந்திய முருங்கைத் தூளோடு தொடர்புடைய சால்மோனெல்லா பரவல் அமெரிக்காவில் நடந்திருப்பதால், நீராவியில் கிருமி நீக்கிய சான்றையும் ஒவ்வொரு லாட்டுக்கும் சால்மோனெல்லா சோதனையையும் கேட்காமல் யாரும் வாங்கமாட்டார்கள்.

கேள்வி: ஆலையில் சரியாக இருந்த வைட்டமின் சி, அங்கே சோதித்தபோது லேபிள் அளவைவிடக் குறைவாக வந்தது. ஏன்?

வெயிலில் நின்ற கன்டெய்னரும் ஈரப்பதமும்தான் முதல் சந்தேகம். சேர்க்கப்பட்ட வைட்டமின் அலமாரி ஆயுள் முடியும்வரை லேபிள் அளவில் 100 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆகவே சிதையக்கூடிய சி, பி12, ஃபோலிக் ஆசிட், ஏ ஆகியவற்றைச் சற்றுக் கூடுதலாகவே போடுவார்கள். எவ்வளவு கூடுதல் என்பதை நிலைப்புச் சோதனைதான் சொல்ல வேண்டும், குத்துமதிப்பு கூடாது. பி12-ஐ வைட்டமின் சி-யோடு ஒரே மாத்திரையில் வைத்தால் பி12 வேகமாகச் சிதையும். ஜெலட்டின் கேப்சூல் என்றால் சூட்டில் உறை இறுகி வயிற்றில் கரையத் தாமதமாகும், அதையும் சேர்த்துச் சோதியுங்கள். காலாவதித் தேதி போடச் சொல்லி எஃப்.டி.ஏ கட்டாயப்படுத்துவதில்லை, போட்டுவிட்டால் அதற்கு ஆதாரம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.