வயலினுக்கு 59 வயது தடையில்லை, வலது பாதத்தை மட்டும் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 59 வயது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதிலிருந்தே வயலின் கற்க ஆசை. இப்போதுதான் வாய்த்தது. நான்கு மாதமாக வகுப்புக்குப் போகிறேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசை முடித்து, அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கு வந்திருக்கிறேன். 12 வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வலது தோள் இறுகிப்போய், பிசியோதெரபியில் ஓரளவு சரியானது. இப்போது இடது கைச் சுண்டுவிரல் இரவில் மரத்துப்போகிறது. வாசித்துவிட்டு எழுந்தால் வலது காலில் உணர்வே இருப்பதில்லை. வில் நடுங்குகிறது. "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். இனி என் விரல் வளையுமா? நிறுத்திவிடட்டுமா, டாக்டர்?
(வாசகி, திருச்சி)

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவு எதற்கும் வயலினைக் கீழே வைக்க வேண்டிய அவசியம் இப்போதைக்குத் தெரியவில்லை. ஆனால் விரலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட நீங்கள், காலைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். அங்கே அதைத் தாடைக்கடியில் வைத்து, நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிக்கிறார்கள். பாலுசுவாமி தீட்சிதர், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றவர்கள் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து ஏறக்குறைய 200 ஆண்டுகள் ஆகின்றன. தரையில் உட்கார்ந்து நடக்கும் நம் கச்சேரிக்கு ஏற்றபடி பிடிக்கும் விதமே மாறிப்போனது. சம்மணமிட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னே தள்ளி, வயலினின் சுருள் முனையைக் கணுக்காலுக்குப் பக்கத்தில் பாதத்தின் மேல் ஊன்றுகிறோம். மறுமுனை இடது தோளுக்கும் மார்புக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் வயலின் வாசிப்பவர்களுக்கு வரும் வலி என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் கழுத்துத் தழும்பு, தாடை வலி சமாசாரமெல்லாம் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பாரம் இறங்கும் இடம் வலது பாதம்.

வயலின் ஏறக்குறைய அரைக் கிலோதான். அந்த எடை எல்லாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 12 வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வு நரம்புகள் மெல்ல மங்கத் தொடங்கியிருக்கலாம். உணர்வுள்ள கால் என்றால், ஒரே இடத்தில் அழுத்தம் இருக்கும்போது வலிக்கும். நம்மை அறியாமலே காலை நகர்த்திக்கொள்வோம். உணர்வு மங்கிய கால் அப்படி எச்சரிக்காது. அரை மணி நேரம் ஒரே புள்ளியில் மரம் அழுந்தி, தோல் சிவந்து, கொப்புளம் வந்து, அது புண்ணான பிறகுதான் தெரியவரும். சர்க்கரைக்காரர்களின் காலில் புண் ஆறுவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எனவே இன்றிலிருந்து ஒரு பழக்கம் வேண்டும். வாசித்து முடித்ததும் வெளிச்சத்தில் வலது பாதத்தைப் பாருங்கள். சுருள் முனை பட்ட இடம், சம்மணத்தில் தரையில் அழுந்தும் வெளிக் கணுக்கால், பாதத்தின் வெளி ஓரம் இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கொஞ்சம் சிவந்திருப்பது சகஜம்தான். அரை மணி நேரமாகியும் சிவப்பு போகவில்லை என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பழைய பருத்திப் புடவைத் துணியை நாலாக மடித்துச் சுருள் முனைக்கடியில் வையுங்கள். தரையில் ஜமுக்காளம் மட்டும் போதாது, கணுக்காலுக்கு மெத்தென்று ஏதாவது வேண்டும். கொலுசு போடுபவராக இருந்தால் வகுப்புக்கு உட்காரும்முன் கழற்றிவிடுங்கள். தோலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளி மணி மாட்டிக்கொண்டால் காயத்துக்கு வேறு காரணமே தேவையில்லை.

எழுந்ததும் கால் மரத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. சம்மணத்தில் முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் ஒரு நரம்பு அமுங்கும். காலை நீட்டிய சில நிமிடத்தில் ஜிவ்வென்று உணர்வு திரும்பிவிட்டால் அந்த வகை, பயமில்லை. அதுவே இரண்டு பாதமும் இரவில் எரிந்தாலோ, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தாலோ, தரையில் பஞ்சை மிதிப்பது போல இருந்தாலோ அது சர்க்கரையின் வேலை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதுவும் இதே மரமரப்பைத் தரும். ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையிலோ ஊசியிலோ சரிசெய்யலாம், தள்ளிப்போடத் தேவையில்லை. கூடவே, பாதத்தில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் மோனோஃபிலமென்ட் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வலியே இருக்காது, ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று: மரத்த காலோடு சட்டென்று எழுந்து நடக்காதீர்கள். வயலினைப் பெட்டியில் வைத்துவிட்டு, காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை ஆட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுங்கள். 59 வயதில் இடுப்பில் அடிபட்டால் வயலின் வகுப்பு மாதக்கணக்கில் போய்விடும். தரையிலிருந்து எழுவதே கஷ்டம் என்றால் திவான் மேல் சம்மணமிடலாம். இடுப்புக்கடியில் கெட்டியான ஒரு தலையணை வைத்து, முழங்காலைவிட இடுப்பு கொஞ்சம் உயரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் முதுகும் தானாக நிமிரும்.

சரி, சுண்டுவிரலுக்கு வருவோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்திருந்தால் மணிக்கட்டு நரம்பைச் சந்தேகப்பட்டிருப்பேன். சுண்டுவிரலும் பக்கத்து விரலில் பாதியும் என்றால், முழங்கையின் உட்புறம் இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அங்கே ஓடும் அல்நார் நரம்பு. முழங்கை மடங்கியே இருந்தால் அது இழுபடும். நீங்கள் வாசிக்கும் நேரமெல்லாம் இடது முழங்கை மடங்கித்தான் இருக்கிறது. அப்புறம் இரவில் கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்குகிறீர்களோ என்னவோ. இடது முழங்கையை முழுக்க மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரலில் ஊசி குத்தினால் காரணம் கிட்டத்தட்ட பிடிபட்டுவிட்டது.

பரிகாரம் எளிது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசிப்பை நிறுத்திக் கையை முழுசாக நீட்டுங்கள். முழங்கையைத் தொடையில் ஊன்றும் பழக்கம் இருந்தால் விடுங்கள். இரவில் ஒரு துவாலையை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு தூங்குங்கள், கை மடங்காது. ஆறு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, பிடி தளர்ந்து சாமான் கைநழுவினாலோ, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றித் தெரிந்தாலோ நரம்பியல் மருத்துவரைப் பார்த்து நரம்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சதை வற்றும்வரை காத்திருப்பது மட்டும் கூடாது. வற்றியது முழுக்கத் திரும்புவதில்லை.

கழுத்தையும் கவனியுங்கள். பாட நோட்டு தரையில் இருக்க, நீங்கள் அதைக் குனிந்தே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் சுண்டுவிரல் மரக்கும். நோட்டைக் கண்மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வையுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். வாசிப்பதற்கென்று அந்தத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

வலது தோள்: முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஜாக்கெட் ஹூக்கைப் போட முடிகிறதா? முடிந்தால், வில் இழுக்கும் அளவுக்குத் தோள் தாராளமாகத் தயார். சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தோள் இறுகினால் மற்றதும் பின்னர் இறுகக்கூடும் என்பதால், பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த பயிற்சியை இரண்டு கைக்கும் செய்யுங்கள்.

வில் நடுங்குவது பெரும்பாலும் புதிதாகக் கற்பவர்களின் பொது நடுக்கம். வில்லை நழுவ விடக்கூடாது என்ற பயத்தில் கட்டைவிரல் இறுகுகிறது. இறுகிய விரலால் நீளமாக இழுக்கும்போது வில் துள்ளும். காபி டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் நடுங்கினால் அது தனி விஷயம், காட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. கிளிமிபிரைடு சர்க்கரையை வெகுவாக இறக்கிவிடக்கூடிய மாத்திரை. வகுப்பு எத்தனை மணிக்கு என்று நீங்கள் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் பசியோடு உட்கார்ந்து, நடுக்கத்தோடு வியர்வை, படபடப்பு, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்தால் வில்லை வைத்துவிட்டு உடனே சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கையில் குளுக்கோமீட்டர் இல்லையா? முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். வகுப்பை டிபனுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டால் இந்தப் பயமே குறையும்.

குளுக்கோமீட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது: எந்த விரலில் குத்துகிறீர்கள்? இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, தந்தியின் மேல் ஓயாமல் வழுக்கிப் போய்வரும் விரல்கள். அவற்றின் நுனியில் குத்தாதீர்கள். புதுக் குத்து தந்தியில் உரசும், எரியும். போதாக்குறைக்குத் தந்தி தேய்த்துக் காய்த்த தோலில் ரத்தமும் சரியாக வராது. வலது கையின் மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ, நுனியை விட்டுப் பக்கவாட்டில் குத்துங்கள். வழுக்குவதற்காக விரலில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால், சோதிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும்.

விரல் வளையுமா என்று கேட்டீர்கள். கும்பிடுவது போல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, முழங்கைகளை உயர்த்திப் பாருங்கள். விரல்கள் நெடுக ஒட்டினால் நல்லது. நடுவில் இடைவெளி தெரிந்தால் சர்க்கரையால் மூட்டுச் சவ்வு விறைத்திருக்கலாம். அப்போதும் வாசிக்கலாம், வெந்நீரில் கையை வைத்து இளக்கிவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவே. வெந்நீரின் சூட்டை மட்டும் வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஏதாவது விரல் மடங்கி மாட்டிக்கொண்டு, டக்கென்று விடுபடுகிறதா? அதற்கும் வைத்தியம் இருக்கிறது, பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள்.

மூளையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1995-இல் ஜெர்மனியில் எல்பர்ட் குழுவினர் தந்தி வாத்தியக்காரர்களை ஆராய்ந்தபோது, இடது கை விரல்களுக்காக மூளையில் ஒதுங்கியிருக்கும் பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. சிறு வயதிலேயே தொடங்கியவர்களுக்கு இன்னும் பெரிதாக. ஆறு வயதுக் குழந்தையின் வேகம் உங்களுக்கு வராது. அதே சமயம், கற்கும் திறன் எந்த வயதிலும் அற்றுப்போவதில்லை. இத்தனை வருடம் கேட்ட பாட்டு உங்கள் காதில் இருக்கிறது. சுருதி விலகினால் ஒரு குழந்தைக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். வயலின் கற்றால் மறதி நோய் வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். ஆசைப்பட்டதைக் கற்கிறீர்கள். அதுவே போதுமான காரணம், வீட்டில் கேட்பவர்களுக்கும் அதையே சொல்லுங்கள்.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம். வலி இல்லாமல் இரண்டு வாரம் போனால் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாசித்த வலி மறுநாள் காலையிலும் மிச்சமிருந்தால் கூட்டியதைக் குறையுங்கள். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் தூள் இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. இருமல் வந்தால் ஜன்னலைத் திறந்துவைத்துத் தேயுங்கள்.

அடுத்த முறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போது வயலினையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே பிசியோதெரபி பிரிவு இருந்தால் தரையில் ஒரு விரிப்புப் போடச் சொல்லி, தினமும் உட்காருவது போலவே உட்கார்ந்து ஜண்டை வரிசை வாசித்துக் காட்டுங்கள். முழங்கை எவ்வளவு மடங்குகிறது, கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, பாதத்தில் சுருள் முனை எங்கே அழுந்துகிறது என்பதையெல்லாம் கடிதத்தில் படித்து நான் சொல்வதைவிட, நேரில் பார்ப்பவர் சரியாகச் சொல்வார்.