மூன்று அட்டைகளும் ஒரு சம்பளக் கணக்கும்

வணக்கம் ஐயா. ஒரு கடன் அட்டையில் ரொக்கம் எடுத்து மற்ற இரண்டுக்கும் குறைந்தபட்சத் தொகை கட்டிவருவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் இப்படி அட்டையில் எடுக்கும் ரொக்க முன்பணத்துக்குக் கிடையா. எடுத்த நாளிலிருந்தே ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி ஏறுவதோடு, தனிக் கட்டணமும் பிடிக்கப்படும். நிலுவையை வேறு அட்டைக்கு மாற்றுவது உதவலாம், ஆனால் காலியான அட்டையை ரத்துசெய்யாவிட்டால் (பலர் செய்வதில்லை) அதிலும் கடன் சேரும். சம்பளக் கணக்கும் கடன் அட்டையும் ஒரே வங்கியில் இருப்பதால், பாக்கி நீண்டால் ஒப்பந்தப்படி அக்கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ள அந்த வங்கிக்கு உரிமை இருக்கக்கூடும். ஆகவே வாடகைப் பணத்தை வேறு வங்கியில் வையுங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம், கோலாலம்பூரிலேயே இலவச ஆலோசனை வழங்கி, உங்கள் கடன்களை ஒரே மாதத் தவணையாகச் சீரமைக்க வங்கிகளுடன் பேசும். சம்பளச் சீட்டையும் அட்டை அறிக்கைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.