கையெழுத்துக்கு முன்னால் மனு

கேள்வி: நாங்கள் காட்டுநாயக்கர். புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம். 15 லட்சம் வாங்கிக்கொண்டு வெளியேறச் சொல்கிறார்கள். தேன் எடுக்கப் போனாலும் மிரட்டல். அண்ணன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னையும் வற்புறுத்துகிறார். தடை உத்தரவு வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் அண்ணன் மீதான கோபம். அந்த வலி எனக்குப் புரிகிறது, ஆனால் வழக்குக்கு உதவாது. அவர் கையெழுத்து உங்களைக் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான். தேன் எடுப்பது ஊருக்கே பொதுவான சமூக உரிமை. அதைக் கிராம சபை வழியாகத் தனி மனுவாகக் கேளுங்கள்.

நான் தேடிய ஒரு வரி மட்டும் கடிதத்தில் இல்லை. 2006 வன உரிமைச் சட்டப்படி வீட்டுக்கும் நிலத்துக்கும் மனு கொடுத்தீர்களா? உரிமையைச் சரிபார்த்து முடிக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 4(5) பிரிவு. மனுவே இல்லாவிட்டால் எதைக் காட்டி அந்தப் பாதுகாப்பைக் கேட்பது? பட்டா இல்லை, ரசீது இல்லை என்று தயங்காதீர்கள். ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலமும் சான்றுதான்.

என்னிடம் வந்தவர்கள் பலர் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதலில் கையெழுத்து, அப்புறம் முதல் தவணை, பணம் கரைந்த பிறகு வக்கீல். தானாக முன்வந்து சம்மதித்தார் என்ற தாள் கோப்பில் இருக்கும்போது, எனக்கு எதுவும் புரியவில்லை என்று நிரூபிப்பது மிகக் கடினம். வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நிலம் வாங்கித் தருகிறேன் என்று வந்த தரகரிடம் வங்கிப் புத்தகத்தையே கொடுத்துவிட்டு, கடைசியில் காடும் இல்லாமல் நிலமும் இல்லாமல் நின்றவர்களும் உண்டு. தயவுசெய்து அந்த வரிசையில் சேராதீர்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38வி(5) பிரிவு, கிராம சபையின் சம்மதம், பாதிக்கப்படுபவரின் சம்மதம் என இரண்டையும் கேட்கிறது. வாக்களித்த நிலமும் வசதியும் புது இடத்தில் கிடைக்காதவரை உங்கள் இப்போதைய உரிமையில் கைவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. அந்தக் கிராம சபைத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாதிப் பேராவது வந்திருந்தார்களா, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களா என்று பாருங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கி 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 13.2.2019 அன்று உத்தரவிட்டது. அந்த மாதக் கடைசியிலேயே அதை நிறுத்தி வைத்ததால்தான் பலர் தப்பினார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் பள்ளிக்காகவோ ஆஸ்பத்திரிக்காகவோ வெளியே போக உங்களுக்கே மனமிருந்தால், வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். பேசி முடியுங்கள். ஆனால் முதலில் உரிமைப் பட்டயம் கைக்கு வரட்டும். ரொக்கத்துக்குப் பதில் நிலமும் வீடும் கேளுங்கள். 18 வயது தாண்டிய மகனைத் தனிக் குடும்பமாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். நிலத்தை நேரில் போய்ப் பார்த்து, தண்ணீர் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு கையெழுத்துப் போடலாம்.

அண்ணன் மேல் வழக்கு வேண்டாம். நாளைக்கு உங்கள் மனுவுக்குச் சாட்சி சொல்ல அவரும் வேண்டும்.