கிரேடு 8 முடித்த மகளைப் பியானோவுக்கே அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பியானோ கிரேடு 8-ல் டிஸ்டிங்ஷன். இன்ஜினீயரிங் வேண்டாம், பியானோதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

முடியும் அம்மா. ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் வழியில் அல்ல. ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்கார்ந்து தனிக் கச்சேரி வாசித்தே வாழ்பவர்கள் உலகம் முழுக்க மிகச் சிலர். மற்றவர்களுக்கு வருமானம் மூன்று வேலைகளிலிருந்து வருகிறது: சொல்லிக்கொடுப்பது, பாடகருக்கும் வயலின்காரருக்கும் உடன் வாசிப்பது, மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட சேம்பர் குழுவில் வாசிப்பது. இதை இரண்டாந்தர வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பியானோ, வயலின், செல்லோ என்ற மூவர் குழுவான போஸார் ட்ரியோ 1955-ல் தொடங்கியது. 2008 வரை மற்ற இரண்டு இடங்களிலும் ஆட்கள் மாறினார்கள்; பியானோவில் மட்டும் கடைசிவரை மெனஹெம் பிரெஸ்லர்தான். அதே 1955-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து அறுபது ஆண்டுக்கும் மேல் சொல்லிக்கொடுத்தார். மதிக்கத்தக்க ஒரு பியானோ வாழ்க்கை இப்படித்தான் இருக்கும்.

இப்போது மகளின் மதிப்பெண் தாளை எடுங்கள். பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-இன் செய்முறைத் தேர்வென்றால் மொத்தம் 150: மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேலுக்கு (ஸ்வர வரிசைகளுக்கு) 21, சைட் ரீடிங்குக்கு, அதாவது முன்பு பார்க்காத இசையைப் பார்த்ததும் வாசிப்பதற்கு, 21, காதுப் பயிற்சிக்கு 18. டிஸ்டிங்ஷனுக்கு 130 போதும். சைட் ரீடிங்கில் தேற 14 வேண்டும். 13 மட்டும் எடுத்துக்கூட மொத்தத்தில் 130-ஐத் தொட்டுவிடலாம். காணொளி பதிந்து அனுப்பும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் அந்தப் பகுதியே கிடையாது. வருடம் முழுக்க மூன்று உருப்படிகளை மட்டும் உருப்போடும் பிள்ளைகளிடம் இந்த ஓட்டை தெரியாமலே தங்கிவிடுகிறது. ஆனால் பின்னாளில் சோறு போடுவது சைட் ரீடிங்கின் அந்த 21 மதிப்பெண்தான். பாடகர் காலையில் நோட்ஸ் அனுப்புவார், மாலையில் ஒத்திகை. பார்த்ததும் வாசிக்கத் தெரிந்தவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.

சைட் ரீடிங்கில் அவள் மதிப்பெண் 17-க்குக் கீழே என்றால் இன்றே தொடங்கட்டும். தினமும் 20 நிமிடம், தன் நிலைக்கு இரண்டு மூன்று கிரேடு குறைவான, இதுவரை பார்க்காத இசை. முதல் அரை நிமிடம் கை வைக்காமல் ஸ்ருதி, தாளம், நடுவில் வரும் ஷார்ப், ஃப்ளாட் எல்லாவற்றையும் கண்ணால் ஓட்ட வேண்டும். பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, நிற்காமல் வாசிக்க வேண்டும். தடுமாறினால் நடுவிலுள்ள ஸ்வரங்களை விடலாம், பேஸையும் தாளத்தையும் விடக்கூடாது. தவறியதைத் திருத்தத் திரும்பிப் போகும் பழக்கம்தான் தனியாக வாசித்துப் பழகியவர்களின் பெரிய வியாதி. கூட ஒருவர் வாசிக்கும்போது அவர் காத்திருக்க மாட்டார்.

அதற்காகவே இப்போதே ஒரு வயலின் மாணவரைத் தேடிப் பிடியுங்கள். மொஸார்ட்டின் ஈ மைனர் வயலின் சொனாட்டா, கே. 304, நல்ல தொடக்கம். அடுத்து ஹைடனின் ட்ரியோக்கள். மற்றவர்கள் தாளில் அவரவர் வரி மட்டும் இருக்கும். பியானோக்காரரின் தாளில் எல்லார் வரியும் இருக்கும். ஆகவே யார் எங்கே நுழைகிறார் என்று கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அவள் தலையில்தான் விழும். தொடக்கத்தில் இரண்டு தவறுகள் நடக்கும்: பெடலை அதிகம் மிதிப்பது, செல்லோ இருக்கும் அதே தாழ்ந்த ஸ்தாயியில் இடது கையால் அதை அமுக்கிவிடுவது. கிரேடு தேர்வுக்குப் போகும் வயலின் மாணவர்களுக்கு உடன் வாசிக்க ஆள் வேண்டும். முதல் சம்பளம் அங்கேயே கிடைக்கலாம்.

வாத்தியத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டில் இருப்பது டிஜிட்டலோ அப்ரைட்டோ (கம்பிகள் செங்குத்தாக நிற்பது) என்றால், கிராண்டில் (கம்பிகள் படுக்கையாக இருப்பது) பலமுறை வாசிக்காமல் நுழைவுத் தேர்வுக்குப் போகக்கூடாது. கிராண்டில் கம்பியைத் தட்டும் சுத்தியல் தன் எடையாலேயே கீழே விழும். கட்டை முழுதாக எழும்பும் முன்பே மறுபடி தட்டலாம். அப்ரைட்டில் அந்த வசதி இல்லை. ட்ரில்லும் (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாறிமாறி வேகமாகத் தட்டுவது), ஒரே ஸ்வரத்தை வேகமாகத் தட்டுவதும் இரண்டிலும் வெவ்வேறு மாதிரி வரும். கடற்கரை ஊரில் பியானோ வாங்கினால் ஈரத்தில் மரம் உப்பி, கட்டைகள் சிக்கும், ஸ்ருதியும் ஓடும். ஏசியைப் போட்டுப் போட்டு நிறுத்துவது இன்னும் கெடுதல். ஆண்டுக்கு இரண்டு ட்யூனிங் செலவைக் கணக்கில் வையுங்கள்.

நுழைவுத் தேர்வில் பொதுவாகக் கேட்பது: பாக்கின் ஒரு பிரிலூட்-ஃபியூக், ஒரு கிளாசிக்கல் சொனாட்டா, ஒரு ஷோபான் எட்யூட், ஒரு ரொமாண்டிக் உருப்படி, ஒரு 20-ஆம் நூற்றாண்டு உருப்படி. பெரும்பாலும் மனப்பாடமாக. இதைத் தயார்செய்ய ஒன்றரை ஆண்டு வேண்டும். பிரிட்டனில் இசைக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் கன்சர்வட்வார்ஸில் விண்ணப்பம் அக்டோபர் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும், பிளஸ் டூவின் நடுவிலேயே. பலர் கோட்டைவிடுவது இதில்தான். அங்கே வெளிநாட்டு மாணவர் கட்டணம் முன்னணிக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல். ஜெர்மனியில் அரசு இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. ஜெர்மன் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கென முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (மாதாமாதம் ஒரு தொகை மட்டுமே எடுக்க முடியும்) காட்ட வேண்டிய தொகை 2024 கணக்குப்படி ஆண்டுக்கு 11,904 யூரோ. பிளஸ் டூ மட்டும் போதுமா என்று ஒவ்வொரு கல்லூரிக்கும் இப்போதே மின்னஞ்சல் போடுங்கள்.

பயிற்சி நேரத்தைக் கூட்டும்போது 50 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கட்டும். மணிக்கட்டில் வலி வந்தால் கட்டுப்போட்டுக்கொண்டு வாசிக்க விடாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள். லியோன் ஃப்ளைஷர் போன்ற பியானோ மேதைக்கே 1960-களில் வலது கை முடங்கியது. பல ஆண்டுகள் அவர் இடது கை இசையையும் ஆசிரியப் பணியையும் நம்பி நின்றார்.

சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு அமைப்பின் எல்டிசிஎல் டிப்ளமாவில் ஆசிரியப் பிரிவு இருக்கிறது. கல்லூரிப் படிப்போடு சேர்த்தே எழுதலாம். ஒன்றை மட்டும் முதல் மாணவரிடமிருந்தே கறாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மாதக் கட்டணம் முன்கூட்டியே. ஏப்ரல், மே விடுமுறையில் பலர் வரமாட்டார்கள், அந்த இரண்டு மாதத்துக்கும் சேர்த்தே ஆண்டு வருமானத்தைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மனி மனத்தில் இருந்தால், இந்தக் கோடை விடுமுறையிலேயே ஜெர்மன் மொழியின் தொடக்க நிலையான ஏ1 வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பல கல்லூரிகள் அதற்கு மேற்பட்ட பி1, பி2 நிலைகளைக் கேட்கின்றன. அது ஆறு மாதத்தில் வராது.