லிமிட் போட்டும் சர்வர் ஏன் விழுந்தது?

வணக்கம் சார்,

எங்கள் கல்லூரி ஆய்வகத்தின் லினக்ஸ் சர்வரில்தான் மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுகிறார்கள். துறையின் இணையதளமும் அதிலேயே ஓடுகிறது. ஒரு மாணவர் ஃபோர்க் பாம் (தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகும் நிரல்) ஓட்டி அதை முடக்கியபின், லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் ஆளுக்கு 50 புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) என்று வரம்பு வைத்தேன். இப்போது ஜாவா நிரல்களே ஓட மறுக்கின்றன. போன வாரம் யாரோ இணையதளத்தில் கோரிக்கைகளைக் குவித்ததில் மெமரி தீர்ந்து மொத்த சர்வரும் நின்றுவிட்டது. பிறகு வரம்பு எதற்கு?

ஆய்வகப் பொறுப்பாளர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வைத்த வரம்பு இணையதளத்தைத் தொடவே இல்லை. அந்தக் கோப்பு, ஒருவர் லாகின் செய்யும்போது மட்டும் படிக்கப்படுவது. இணையதளத்தை நடத்தும் வெப் சர்வரை, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி நேரடியாகத் துவக்குகிறது. அங்கே லாகின் ஏது? அதற்கான வரம்பை அந்த சர்வீஸின் யூனிட் கோப்பில் (அதன் அமைப்புகள் உள்ள கோப்பு), டாஸ்க்ஸ்மேக்ஸ் (புராசஸ் எண்ணிக்கைக்கு), மெமரிமேக்ஸ் (மெமரிக்கு) என்று எழுத வேண்டும்.

இன்னொரு சங்கதி முக்கியம். யூலிமிட்டில் (லிமிட்ஸ்.கான்ஃப் வைக்கும் அதே வகை வரம்பு) வைக்கும் மெமரி வரம்பு தனித்தனி புராசஸுக்கானது. 500 எம்பி என்று வைத்தாலும், 100 புராசஸ் திறந்தால் 50 ஜிபி வரை போகலாம். மெமரிமேக்ஸ் அப்படியல்ல, சர்வீஸின் எல்லாப் புராசஸையும் சேர்த்தே கணக்கிடும். கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கி, 2008இல் லினக்ஸ் 2.6.24இல் வந்து சேர்ந்த, புராசஸ்களைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் சிகுரூப் வசதிதான் இதற்கு அடிப்படை. வரம்பு மீறினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு புராசஸைக் கொல்லும். தளம் தள்ளாடும், படுத்தும் போகலாம். ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்து, அடிப்பது யார் என்று பார்க்க முடியும். வரம்பிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். மெமரிஸ்வாப்மேக்ஸையும் சேர்த்து வையுங்கள்; இல்லாவிட்டால் ஸ்வாப் (மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) நிரம்பி, டிஸ்க் திணறி, எல்லோருக்கும் எல்லாம் நத்தை வேகமாகிவிடும்.

சரி, அந்த 50. லினக்ஸ் இந்தக் கணக்கில் திரெட்களையும் (ஒரு புராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) சேர்க்கும். ஜாவா தன் உள்வேலைக்கே பல திரெட் திறக்கும், அதனால் 50 சீக்கிரம் தீர்ந்துவிடும். சில நூறாக உயர்த்துங்கள். ஃபோர்க் பாம் ஓட்டுபவருக்கு அப்போதும் ‘ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்’ (இப்போதைக்கு வளம் இல்லை) என்ற வரிதான் வரும், அவர் டெர்மினலில் மட்டும். அப்புறம், வெப் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே பயனர் கணக்கில் ஓட வேண்டாம். இந்த எண்ணிக்கை பயனர் கணக்கை வைத்துத்தான். ஒன்று நிரப்பினால் மற்றதற்கு இடமிருக்காது.

இணைப்பையே அடைக்கும் அளவுக்குக் கோரிக்கை வெள்ளம் வந்தால் இவை எதுவும் உதவாது. அதை உங்கள் இணைய நிறுவனம்தான் வழியிலேயே தடுக்க வேண்டும்.

அமைத்து முடித்ததும் ஒரு விடுமுறை நாளில், சோதனைக் கணக்கொன்றில் நீங்களே ஃபோர்க் பாம் ஓட்டிப் பாருங்கள்.